வரைபடத்தில் இல்லாத பார்

ஹொக்னிக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் துறைமுகத்தில் ஒரு பேர் இருந்தது. மீன் எங்கே விழுகிறது என்று வானொலியில் யாராவது கேட்டால், மற்ற கப்பல் தலைவர்கள் வாய் கூசாமல் இருபது மைல் தள்ளிச் சொல்வார்கள். ஹொக்னி அப்படிச் செய்ய மாட்டார். "இங்க நல்ல குளிரு" என்பார். கேட்டவன் சிரித்துவிட்டு அடுத்த கப்பலைக் கூப்பிடுவான். வாயைத் திறக்காமல் இருப்பதும் ஒரு வகைப் பொய்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பதினாறு வயதில் கப்பலேறியவர் அவர். ஐம்பத்தெட்டாம் வயதில் 'ஸ்டெல்குர்' என்ற இழுவலைக் கப்பலுக்குத் தலைவராக இருந்தார். எங்கள் பாரோ தீவுகளுக்குத் தென்மேற்கே கடல்தரை சரிந்து இறங்கும் இடத்தில், முந்நூறு பாகம், அதாவது ஆயிரத்து எண்ணூறு அடி ஆழத்தில் வலை போட்டுச் சிவப்பு மீன் பிடிப்பது வேலை. மனைவி ராக்குல் ஊரில் மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடமாக முள் எடுக்கும் வரிசையில் நின்றாள். ஒரே மகள் ரன்வா. மாலுமிப் பள்ளியில் படித்துத் தேறி, முப்பத்தோரு வயதில் 'ஹெல்லுபெர்க்' கப்பலில் துணைத்தலைவியாக இருந்தாள். அப்பா கப்பலிலேயே சேர்ந்துகொள்ளலாமே என்று ஊரார் கேட்டபோது அவள் சொன்ன பதிலை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்: "வீட்டுலயும் திட்டு, கப்பல்லயும் திட்டுன்னா நான் எங்க போய்ச் சாப்புடுறது?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் முத்திரை வந்தது.

எங்கள் சிவப்பு மீனில் முக்கால்வாசியை வாங்கியது ஜெர்மனியிலிருந்த ஒரு பெரிய கடைக் குழுமம். கடலைக் கெடுக்காமல் பிடித்த மீன் என்று முத்திரை இருந்தால்தான் இனி எடுப்போம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். முத்திரை கொடுப்பவர்கள் ஒரு மாதம் எங்கள் கணக்குகளை எல்லாம் துருவினார்கள். மீன் அளவில் அவர்களுக்குக் குறை ஒன்றும் படவில்லை. குறை பட்டதெல்லாம் தரையில்தான். அந்தச் சரிவில் பார்கள், அதாவது பவளப் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. குளிர்ந்த இருட்டில் வளர்கிற வெள்ளைப் பவளம் அது. ஒரு சாண் உயர இருபது வருடம் எடுத்துக்கொள்ளும். இழுவலை ஒருமுறை ஏறினால் போதும், பொரிகடலை மாதிரி நொறுங்கிப் போகும். பார்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டுங்கள், அங்கே வலை போட மாட்டோம் என்று கோடு போடுங்கள், அப்புறம் முத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார்கள்.

கடல் ஆய்வு நிலையத்திடம் அந்தச் சரிவின் பாதிக்குத்தான் படம் இருந்தது. மீதி எங்கள் தலைவர்களின் மண்டைக்குள் இருந்தது. எனவே ஒரு மார்ச் மாதப் பிற்பகலில் மீனவர் சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் பெரிய வரைபடம் விரித்து, ஆளுக்கு ஒரு சிவப்புப் பென்சில் கொடுத்தார்கள். காபியும், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் இருந்தன. வலை எங்கே கிழிந்தது, எங்கே பவளம் ஏறி வந்தது என்று ஒவ்வொருவரும் குனிந்து குறித்தார்கள். முதலில் தயங்கினார்கள். பிறகு, நீ அதைப் போட்டாயே இதை ஏன் விட்டாய் என்று ஒருவரை ஒருவர் சீண்டி, கூட்டம் களை கட்டிவிட்டது.

ஹொக்னி மூன்று இடம் குறித்தார். நான்காவது ஒன்று இருந்தது.

முதன்முதலாகக் கப்பல் தலைவரான வருடம் அவர் அதில் மாட்டியிருந்தார். தரையிலிருந்து பதினைந்து பாகம் எழும்பி நிற்கும் பார். மேற்குப் பக்கம் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம், கம்பி சுற்றும் வின்ச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார். வலை வரவில்லை, கம்பிதான் அறுந்தது. அறுந்த கம்பி ஒரு ஆளின் இரண்டு விரலைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி அவர் படித்துவைத்திருந்தார். பாரின் தெற்கு மறைவில் சிவப்பு மீன் கூட்டமாக ஒதுங்கும். தெற்கிலிருந்து ஏறி, ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் சட்டென்று ஆழத்துப் பக்கம் திரும்பிவிட்டால், வலை பாரை உரசாமல் போய்விடும். எங்கே திரும்ப வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஒரு வருடத்தில் அவர் பிடிக்கும் மீனில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒற்றைத் தடத்தில் கிடைத்தது.

குறித்தால் அந்தத் தடம் முழுக்கக் கோட்டுக்குள் போய்விடும். குறிக்காவிட்டால் கோடு பாருக்குக் கிழக்கே ஒட்டினாற்போலப் போய், தடம் வெளியே நின்றுவிடும். பென்சில் முனை காகிதத்துக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. வேறு எவனும் அங்கே வலை போடுவதில்லை, நானோ பாரைத் தொடுவதில்லை, அப்படியிருக்க யாருக்கு என்ன நஷ்டம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பென்சிலை மேசையில் வைத்துவிட்டு ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார். "எனக்குத் தெரிந்தவை அனைத்தையும் குறித்துவிட்டேன்" என்ற தாளில் எல்லோரையும் போல அவரும் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருடமே முத்திரை கிடைத்தது. ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் தொடங்கியது.

கோடு போட்டால் என்ன ஆகும் என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும். முன்பு சரிவு முழுக்கப் பரவி வலை போட்டவர்கள், மூடிய இடத்தை விட்டு விலகிக் கோட்டின் ஓரத்துக்கு வந்தார்கள். ஓரம்தான் இப்போது நல்ல இடம். முதல் வருடம் ஒருவரும் தெற்கு மூலைக்கு வரவில்லை. இரண்டாம் வருடம் அக்டோபர் கடைசியில் வந்தார்கள்.

அன்று காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். தென்மேற்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கு மறுநாள், நீரோட்டம் முழு வேகத்தில் இருந்தது. ஹொக்னி ஒன்பது மைல் தள்ளித் தம் வலையை ஏற்றிவிட்டுச் சுக்கான் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். 'ஹெல்லுபெர்க்' தலைவன் தோர்ஃபின் யாரிடமோ பேசுவது வானொலியில் கேட்டது. நாற்பது வயதுக்காரன். கெட்டிக்காரன்தான், ஆனால் பொறுமை கிடையாது.

"கோட்டோட தெக்கு மூலையில எறக்கிட்டேன். ஓரமாவே வடக்க ஏறலாம்னு இருக்கேன். படத்துல தர சுத்தமாத்தான் காட்டுது."

ஹொக்னியின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. தெற்கு மூலையிலிருந்து கோட்டை ஒட்டி ஏறினால் நேராகப் பாரின் மேற்கு முகத்தில் போய் மோதும். நாற்பது நிமிட இழுவை. அந்தக் கப்பலில்தான் ரன்வா இருந்தாள்.

ஒலிவாங்கியை எடுத்தார். பத்துக் கப்பல் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசை அது. போதாக்குறைக்கு, வருடாந்திரச் சோதனைக்காக முத்திரைக்காரர்கள் அந்த வாரம்தான் ஊருக்கு வந்திருந்தார்கள்.

"தோர்ஃபின், ஹொக்னி பேசுறேன். அந்தப் பக்கம் தர அவ்வளவு நல்லா இல்ல. கொஞ்சம் ஆழத்துக்குப் போயிடேன்."

எதிர்முனையில் சிரிப்பு.

"வாங்கண்ணே! என்ன, ஒங்க தோட்டத்துக்குள்ள பூந்துட்டனா? மீன்லாம் பேர் எழுதி வச்சிருக்கீங்களா?"

யாரோ மூன்றாம் கப்பல்காரன் குறுக்கே புகுந்தான். "வேலி போட்டுருங்கண்ணே, ஆடு மேயாம இருக்கும்!"

"வெளையாட்டுக்குச் சொல்லல. தர மோசம்."

"என்ன மோசம்? கல்லா, பழைய கம்பியா? படத்துல ஒண்ணும் இல்லியே. நீங்களும் ஒக்காந்துதானண்ணே அந்தப் படத்தப் போட்டீங்க?"

பார் என்ற ஒரு சொல் போதும். ஹொக்னி ஒலிவாங்கியைக் கொக்கியில் மாட்டினார். "என்னமோ, பாத்துப் போ" என்று அவர் சொன்னது வெளியே போகவே இல்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் அதைச் சொன்னார்.

கைபேசியை எடுத்தார். மகளுக்குத் தட்டினார்: "அந்தப் பக்கம் தரை சரியில்லை. தோர்ஃபினிடம் சொல்." அனுப்பியது ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. பதில் வரவில்லை. கப்பலை அந்தத் திசைக்குத் திருப்பச் சொன்னார். எதற்கு என்று கேட்ட சுக்கான்காரனுக்கு, "திருப்புய்யா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். தோர்ஃபின் தானாகவே ஆழத்துக்கு விலகிவிடுவான் என்று ஒரு கணம் நினைத்தார். நீரோட்டம் வலையை மேற்கே தள்ளிவிடும் என்று அடுத்த கணம் நினைத்தார். அப்படியே இருபது நிமிடம் போயிற்று. கப்பல் தலைவராக இருபத்தெட்டு வருடத்தில் புயல்களை எல்லாம் பார்த்தவர், அந்த இருபது நிமிடத்தைப் பற்றிப் பின்னாளில் பேசும்போது மட்டும் கையைப் பிசைவார்.

பத்து பதினெட்டுக்கு மறுபடி ஒலிவாங்கியை எடுத்து வாயருகே கொண்டுபோனார். அவர் பேசுவதற்குள் எதிர்முனையிலிருந்து குரல் வந்துவிட்டது. ரன்வாவின் குரல்.

"ஸ்டெல்குர், ஸ்டெல்குர், ஹெல்லுபெர்க். மாட்டிக்கிட்டோம். கப்பல் நின்னுருச்சு. பின்பக்கம் அமுங்குது. நீங்க எவ்வளவு தூரம்?"

"ஆறு மைல். வந்துகிட்டு இருக்கேன். என்ன பண்றீங்க?"

"தோர்ஃபின் வின்ச்சப் போட்டு இழுத்துப் பாக்கச் சொல்றாரு. அல பின்பக்கத்துலேர்ந்து ஏறுது. எடப்பக்கக் கம்பி நழுவிடுச்சு, பாரமெல்லாம் வலக்கம்பியிலதான் நிக்குது. கப்பல் ஒரு பக்கமாச் சாயுது."

பின்னால் தோர்ஃபின் கத்துவது கேட்டது. பழைய கம்பிச் சுருள்தான், இன்னும் கொஞ்சம் இழு, வந்துவிடும் என்றான். வலை புதிது, அதற்கு இது முதல் பயணம்.

"ரன்வா, இழுக்காத. வராது."

"என்னது?"

"கம்பிச் சுருள் இல்ல அது. பவளப் பார். பதினஞ்சு பாகம் ஒசரம். மேக்குப் பக்கம் கூர மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ஒங்க வல அதுக்கு அடியிலதான் பூந்துருக்கு. இழுக்க இழுக்க இன்னும் உள்ளதான் போகும். நான் ரெண்டு மணி நேரம் இழுத்துப் பாத்தவன். கம்பி அறுந்து ஒரு ஆளோட வெரலு போச்சு. கேக்குதா? வரவே வராது."

பத்துக் கப்பலும் கேட்டுக்கொண்டிருந்தன.

"நான் என்ன பண்ணணும்?" என்றாள் ரன்வா. 'அப்பா' என்று அவள் சொல்லவில்லை.

"ரெண்டு பிரேக்கையும் தொறந்துவிடு. கம்பி டிரம்முலேர்ந்து கடைசி வரைக்கும் ஓடிப் போகட்டும். வல போனாப் போகுது. பின்தளத்துல ஆள் இருந்தா மொதல்ல உள்ள வரச் சொல்லு."

"ரேயின் சங்கிலி மாட்டப் போயிருக்கான்."

"வரச் சொல்லு அவன!"

அப்புறம் நடந்ததை ஹொக்னி காதால் மட்டும்தான் கேட்டார். ரன்வா ஒலிபெருக்கியில் ரேயினைக் கூப்பிட்டாள். "யாரு கப்பல் தலைவன், நானா உங்கப்பனா?" என்று தோர்ஃபின் கத்தினான். "தோர்ஃபின், பின்னாடி பாருங்க!" என்று அவள் கத்தினாள். அதன்பின் தண்ணீர் இரும்பில் விழும் சத்தம். பின்தளத்தில் வலை ஏற்றும் சரிவுவாய் வழியாக ஏறிய அலை, சங்கிலியோடு நின்ற ரேயினைத் தூக்கி, வலைத்தூணில் அடித்தது. கப்பல் வலப்பக்கம் சாய்ந்தது, நிமிரவில்லை. ரன்வா யாரையும் கேட்கவில்லை. இரண்டு பிரேக்கையும் திறந்தாள். கம்பி ஓடுகிற ஓலம் வானொலியில் அரை நிமிடம் கேட்டது. கடைசியில் டிரம்மில் கம்பியைக் கட்டியிருந்த பிடி பிய்த்துக்கொண்டு போன இரண்டு வெடிச் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக.

பிறகு அவள் குரல், மிக மெதுவாக. "நிமிந்துருச்சு."

கொஞ்சம் கழித்து: "ரேயின் உயிரோட இருக்கான். இடுப்புலயும் தொடையிலயும் ஒடஞ்சிருக்கு. ஹெலிகாப்டர் வேணும்."

ஸ்டெல்குர் போய்ச் சேர்ந்தபோது மழை அடித்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் ரேயினைத் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் ஹொக்னி காற்றுப் பக்கம் கப்பலை நிறுத்தி அலையைத் தடுத்துக் கொடுத்தார். இரண்டு சுக்கான் அறைகளுக்கும் நடுவே இருநூறு அடிகூட இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் ரன்வா நிற்பது தெரிந்தது. ஹொக்னி கையைத் தூக்கினார். அவள் தூக்கவில்லை.

மறுநாள் காலை துறைமுக மேடையில் அவள் காத்திருந்தாள். தூங்காத கண். கைபேசியை நீட்டினாள்.

"இத நான் சாயங்காலம்தான் பாத்தேன். 'தரை சரியில்லை.' இவ்ளோதானா?"

"ரன்வா..."

"எத்தன வருஷமாத் தெரியும் உனக்கு?"

"இருபத்தெட்டு."

"அன்னிக்குப் பென்சில் குடுத்தாங்களே, அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"நான் அந்தக் கோட்ட நம்பித்தானப்பா ஓரத்துல போனேன். நீ கையெழுத்துப் போட்ட கோடுன்னுதான் நம்புனேன். தோர்ஃபின் வேணாமான்னு யோசிச்சாரு, நான்தான் போலாம்னேன். எங்கப்பா போட்ட படம், தப்பா இருக்காதுன்னேன்."

அவள் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அன்று நண்பகல் தோர்ஃபின் வீட்டுக்கு வந்தான். ராக்குல் வேலைக்குப் போயிருந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, தட்டிலிருந்த உலர்ந்த ஆட்டிறைச்சியில் ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, நேத்து உங்கமேல இருந்த கோவத்துக்கு நேர்ல பாத்திருந்தா மூக்க ஒடச்சிருப்பேன். இன்னிக்கு வேற பேச வந்திருக்கேன். நாளைக்கு அந்தம்மா கூட்டம் வச்சிருக்கு."

அந்தம்மா என்றது மோராக்கை. ஸ்காட்லாந்துக்காரி, முத்திரைக்காரர்களின் குழுத் தலைவி.

"எல்லாரும் பேசிட்டோம். பார நாங்க புதுசாக் கண்டுபுடிச்சோம்னு சொல்லிடறேன். புதுசாக் கண்டுபுடிச்சா தப்பு இல்ல. கோட்டக் கொஞ்சம் நவுத்துவாங்க, அவ்ளோதான். தெரிஞ்சே மறச்சோம்னு ஆனா முத்திரை போச்சு. வானொலியில நீங்க பேசுனது எங்கயும் பதிவாகல. பத்துக் கப்பல்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

"ரேயின்?"

"அவன் பின்தளத்துல இருந்தான், என்ன கேட்டிருக்கப் போறான்? அண்ணே, என் வலையும் போச்சு, என் ஆளுக்குக் காலும் போச்சு. அப்புறமும் நான் வந்து உங்கள வாய மூடுங்கன்னு கெஞ்ச வேண்டியிருக்கு பாருங்க. ஒங்களுக்காக இல்ல. ஆலைக்காக. ராக்குல் அக்காவுக்கும் சேத்துத்தான்."

அவன் போன பிறகு ஹொக்னி பேருந்து பிடித்துத் தலைநகர் தோர்ஷவ்ன் மருத்துவமனைக்குப் போனார். ரேயினுக்கு இடுப்பில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஹொக்னி கதவருகிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, கடிக்க மாட்டேன். எழுந்திரிக்கவே முடியல" என்றான் ரேயின். "உங்க மக சொன்னா. அரை மணி முன்னாடி நீங்க அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருந்தா, நான் இப்ப கால் மேல கால் போட்டு ஒக்காந்திருப்பேன்."

"ஆமா."

"அதுக்கப்புறமாச்சும் சொன்னீங்க. இல்லாட்டி மீன் தின்னுருக்கும். ஆனா அதுக்கெல்லாம் நன்றி சொல்ல மாட்டேன்."

"வேணாம்."

"எம் பொண்டாட்டி வர்ற நேரம். நீங்க போயிடறது நல்லது."

கூட்டம் மறுநாள் காலை பத்து மணிக்கு. அதே சங்கக் கட்டடம், அதே மேசைகள். மோராக் ஐம்பது வயதைத் தாண்டிய, குட்டை முடி வைத்த, குரல் உயர்த்தாத பெண். தோர்ஃபின் எழுந்து, புதிதாக ஒரு பார் கண்டுபிடிக்கப்பட்டதைப் பற்றிச் சுத்தமாக, தடுமாறாமல் சொன்னான். மோராக் எழுதிக்கொண்டாள். தலைவர்கள் எல்லோரும் தங்கள் காபிக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணைத்தலைவர்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசையில் ரன்வாவும் இருந்தாள். அவள் எழுந்து சொல்லிவிடுவாளோ என்று பலர் பயந்தார்கள். அவள் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடத்தப் பத்தி வேற யாருக்காவது முன்னாடியே ஏதாவது தெரியுமா?" என்றாள் மோராக். எல்லாக் கூட்டத்திலும் கேட்கிற கேள்வி. பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற கேள்வி.

ஹொக்னி எழுந்து நின்றபோது நாற்காலி பின்னால் விழுந்தது.

"எனக்குத் தெரியும்."

தோர்ஃபின் கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்பலேர்ந்து?"

"இருபத்தெட்டு வருஷமா. இதே எடத்துல கையில பென்சில வச்சுக்கிட்டு நின்னேன். குறிக்கல. எந் தடம் போயிடும்னு குறிக்கல. தெரிஞ்சதெல்லாம் குறிச்சாச்சுன்னு கையெழுத்தும் போட்டேன். அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கும்."

மோராக் பேனாவைக் கீழே வைத்தாள். "இதச் சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது. இவங்க எல்லாருக்கும் புரியுது. என்னப் பாக்கற பார்வைலயே தெரியலையா உங்களுக்கு?"

"நான் இத எழுதியாகணும்."

"எழுதுங்க. அதுக்குத்தான் எந்திரிச்சேன்."

மூன்றே வாரத்தில் முத்திரை நிறுத்தி வைக்கப்பட்டது. ஜெர்மனிக் கடைகள் வாங்குவதை நிறுத்தின. ஆலை ஒரு ஷிஃப்டுக்குச் சுருங்கியது. முப்பத்தாறு பேருக்கு வேலை போனது, ராக்குலுக்கும். அன்று அவள் வீட்டுக்கு வந்து, ஆலையில் போட்டிருந்த வெள்ளை ரப்பர் காலணியை வாசலில் கழற்றி வைத்தாள்.

"படம் போட்ட அன்னிக்கே சொல்லிருக்கலாம். ரேடியோவுல சொல்லிருக்கலாம். எல்லாத்தையும் விட்டுட்டு, சொன்னா எனக்கு வேல போற நாளாப் பாத்துச் சொல்லிருக்கியே ஹொக்னி" என்றாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். "உப்பு எடு" என்றாள். அந்த வீட்டில் சண்டை என்று நடந்தது அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஒரு மாதம் அவள் அவரோடு கடைக்குப் போகவில்லை.

ஊர் அத்தனை எளிதில் விடவில்லை. கடையில் வரிசையில் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் வீட்டு அஞ்சல் பெட்டியில் ஒரு சிவப்புப் பென்சில் கிடந்தது. யார் போட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. பதினோரு பென்சில் சேர்ந்தது. கப்பல் நிறுவனம் அவரைப் போகச் சொல்லவில்லை. அவரே ஸ்டெல்குரை விட்டு இறங்கினார். துறைமுகத்தில் வந்து சேரும் கப்பல்களுக்குக் கயிறு பிடித்துக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். தாம் தலைவராக இருந்த கப்பலின் கயிற்றையும் மழையில் நின்று அவரே வாங்கிக் கட்டினார்.

பிப்ரவரியில் ஒருநாள் தோர்ஃபின் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. துறைமுக மேடையில், கயிற்றுத் தூண்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"நேத்து தோர்ஷவ்னுக்குப் போயிருந்தேன். கடல் ஆய்வு நிலையத்துக்கு" என்றான்.

"எதுக்கு?"

"எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஒரு பார், கடல்பஞ்சு வளர்ற ஒரு தர. அன்னிக்கு நானும் குறிக்கல. உங்க தோட்டம்னு கிண்டல் பண்ணுனேன் பாருங்க, எனக்கே ரெண்டு தோட்டம் இருந்துச்சு. என் தம்பி வல போட்டு அதுல மாட்டுனான்னா? அந்த நெனப்பு வந்ததுலேர்ந்து தூக்கம் வரல. சரி, இதப் பெருசாப் பேசாதீங்க. உங்க மேல கோவம் அப்படியேதான் இருக்கு."

ஈஸ்டருக்குள் வேறு நான்கு பேர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் போகவே இல்லை. போகாதது எல்லோருக்கும் தெரியும். கோடை முழுவதும் ஆய்வுக் கப்பல் கேமராவை இறக்கிச் சரிவைப் படம் எடுத்தது. கோடு மறுபடி போடப்பட்டது, இந்தத் தடவை இன்னும் பெரிதாக. ஹொக்னியின் தடம் முழுவதும் அதற்குள் போனது. நிறுத்தி வைத்துப் பதினாறு மாதம் கழித்து முத்திரை திரும்பி வந்தது. மீன் முன்பை விடக் குறைவுதான். ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் பாதி ஆட்களோடு தொடங்கியது. ராக்குலைக் கூப்பிட்டார்கள். ரேயினைக் கடலுக்கு யாரும் கூப்பிடவில்லை. அவன் வலைக்கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறான். ஹொக்னியைக் கண்டால் தலையசைப்பான், அதற்குமேல் இல்லை.

ரன்வா அந்தப் பதினாறு மாதமும் அம்மாவைப் பார்க்கத்தான் வந்தாள். அப்பா இருந்தால் வானிலையைப் பற்றிப் பேசுவாள். அவள் கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்வார்.

முத்திரை வந்த மாதம் நிறுவனம் அவளை ஸ்டெல்குருக்குத் தலைவியாகப் போட்டது. முதல் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு பிற்பகல், மடிக்கணினியோடு வந்து, சரிவின் வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்தாள்.

"ஒக்காரு" என்றாள்.

தெற்கு முனையிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு மைலாக. இங்கே என்ன தரை, இங்கே என்ன கிடக்கிறது, நீரோட்டம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் தள்ளும். அவர் சொல்லச் சொல்ல அவள் குறித்தாள். சில இடத்தில் அவர் தயங்கினால், எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மீதியையும் சொன்னார். ராக்குல் இரண்டு முறை காபி ஊற்றினாள். மூன்று மணி நேரமாயிற்று.

"அவ்ளோதானா?"

ஹொக்னி யோசித்தார். "அவ்ளோதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

நம்பினாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. கணினியை மூடினாள். அம்மா கொடுத்த மீன் உருண்டைப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஹொக்னி கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் போட்டார். தண்ணீரைத் திறந்தவர் சட்டென்று நின்றார். அப்புறம், காலுறையோடு, குழாயை மூடாமலே வாசலுக்கு ஓடினார். கார் சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஈரத் தார்ச்சாலையில் வழுக்கி வழுக்கி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு நங்கூரம்" என்றார் மூச்சு வாங்க. "பழைய கப்பல் நங்கூரம். வடமேக்கு மூலையில, எரநூத்தி எழுவது பாகத்துல. நான் ஒரே ஒருதரம்தான் ஒரசுனேன். மறந்தே போச்சு. மறைக்கல, மறந்துட்டேன்."

ரன்வா அவரைப் பார்த்தாள். நனைந்துபோன காலுறையைப் பார்த்தாள். பேனாவைத் தேடி எடுத்து, காகிதம் கிடைக்காமல், புறங்கையில் எழுதிக்கொண்டாள்.

"எரநூத்தி எழுவதா, எரநூத்தி எம்பதா?"

"எழுவது. எழுவத்தஞ்சுன்னே வச்சுக்க."

"சரி. வேற ஞாபகம் வந்தா எந்நேரம்னாலும் கூப்புடு" என்றாள். "உள்ள போப்பா, கால் நனையுது."